இரண்டாம் வகுப்பிலேயே சாத்தும் கதவு

2021 ஜூன் கடைசி. எங்கள் வாட்ஸாப் குழுவில் அன்று சாயங்காலம் ஒரு செய்திகூட இல்லை. வடக்கு வர்ஜீனியாவில் ஹெர்ண்டன், சாண்டிலி, ஆஷ்பர்ன் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் குழு அது. புளிக்காத இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்பதில் ஆரம்பித்து விசா ஸ்டாம்பிங் வரைக்கும் நாள் முழுக்கப் பேச்சு ஓடும். அன்று டிஜே என்ற அரசு உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை ரிசல்ட். இடம் கிடைத்த வீடுகள் சொல்லக் கூசின. கிடைக்காத வீடுகளில் பிள்ளைகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தோழி வீட்டுக்குப் போனேன். அவள் மகன் அப்போதுதான் எட்டாவது முடித்திருந்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து சனிக்கிழமை கணக்கு வகுப்பு, ஐந்தாவதிலிருந்து கணக்குப் போட்டிகள், ஏழாவதில் டிஜே நுழைவுத் தேர்வுக்கென்றே தனி வகுப்பு. அவனும் விரும்பித்தான் படித்தான், சும்மா சொல்லக் கூடாது. சோபாவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, எந்த டெஸ்டுக்குப் படிச்சேனோ அந்த டெஸ்டையே எடுத்துட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றான்.

அவன் ஒரு தப்பும் பண்ணவில்லை. அதை அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஆனால் அந்தத் தேர்வை எடுத்தது சரி என்றுதான் எனக்குப் பட்டது. அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. நாலு வருஷமாக எழுதி எழுதி அழித்த பதிவு இது. அந்தப் பிள்ளை இப்போது நல்ல கல்லூரியில் பொறியியல் சேர்ந்துவிட்டான். இனி எழுதலாம் என்று தோன்றுகிறது.

டிஜே என்பது தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி. 1985இல் தொடங்கியது. ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி நடத்தும் அரசுப் பள்ளி, ஃபீஸ் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கை. பக்கத்து லவுடன், ஆர்லிங்டன், பிரின்ஸ் வில்லியம் கவுண்டிப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவின் முதல்தரப் பள்ளி என்று பத்திரிகைத் தரவரிசைகளில் பல தடவை இடம் பிடித்தது. எங்கள் ஊரில் வீடு பார்க்கும்போதே, "இந்த மிடில் ஸ்கூல்ல இருந்து டிஜேவுக்கு எத்தனை பேர் போறாங்க?" என்று கேட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். நாங்களும் கேட்டோம்.

பழைய முறை இதுதான்: நூறு டாலர் விண்ணப்பக் கட்டணம். கணக்கு, வாசிப்பு, அறிவியல் மூன்றிலும் தேர்வு. அதில் தேறியவர்கள் கட்டுரை எழுத வேண்டும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம் வாங்க வேண்டும். 2020 வசந்தத்தில் அந்த முறைப்படி 486 பேருக்கு இடம் கொடுத்தார்கள். அதில் ஆசியப் பிள்ளைகள் 73 சதவீதம். கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கையை வெளியிடவே இல்லை. பத்துக்குக் கீழே இருந்தால் அடையாளம் தெரிந்துவிடும் என்று எண்ணை மறைப்பது இங்கே வழக்கம். கவுண்டியின் பள்ளிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் கறுப்பினம், நாலில் ஒருவர் லத்தீனோ. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அந்த ஆண்டுச் சேர்க்கையில் ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் படியுங்கள். இந்தச் சண்டை முழுக்க நிறத்தைப் பற்றியது என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தபோது என் கண்ணில் குத்தியது அந்த எண்தான். கட்டணமில்லாத அரசுப் பள்ளி. எல்லார் வரிப் பணத்திலும் நடப்பது. அதில் ஏழை வீட்டுப் பிள்ளை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

அந்த 2020 மே மாதம் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் கையால் கொல்லப்பட்டார். நாடு கொந்தளித்தது. டிஜே சேர்க்கைப் பட்டியல் ஜூனில் வெளிவந்ததும் ஃபேர்ஃபாக்ஸ் கல்வி வாரியம் முறையை மாற்றும் வேலையில் இறங்கியது. நுழைவுத் தேர்வும் நூறு டாலரும் போயின. டிசம்பர் 17 அன்று புதிய திட்டத்துக்கு வாக்களித்தார்கள். ஒவ்வொரு அரசு நடுநிலைப் பள்ளியிலும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் எண்ணிக்கையில் 1.5 சதவீதம் அளவுக்கு அந்தப் பள்ளிக்கே இடம். மதிப்பெண் சராசரி 3.5 இருக்க வேண்டும், எட்டாவதிலேயே அல்ஜீப்ரா எடுத்திருக்க வேண்டும். மொத்த இடமும் 550 ஆக உயர்ந்தது. மிச்சமிருக்கும் நூற்றுச் சொச்சம் இடங்களுக்கு எல்லாரும் போட்டி போடலாம். வறுமை, ஆங்கிலம் புதிதாகக் கற்பது, டிஜேவுக்கு அதிகம் பேரை அனுப்பாத பள்ளியில் படிப்பது இவற்றுக்கெல்லாம் கூடுதல் புள்ளி. விண்ணப்பத்தைப் படிப்பவருக்குப் பிள்ளையின் பெயர் தெரியாது, இனம் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. எண் மட்டும்தான்.

இங்கே ஊர்ப் பேச்சு ஒன்று சொல்ல வேண்டும். அதே 2020இல், அந்த டிசம்பர் வாக்கெடுப்புக்கு ஒன்றரை மாதம் முன்னால், தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. எங்கள் வாட்ஸாப் குழுவே கொண்டாடியது. கூலி வேலை செய்பவரின் மகள், ஆடு மேய்ப்பவரின் மகன் என்று மருத்துவ இடம் கிடைத்த பிள்ளைகளின் படங்களைப் பகிர்ந்துகொண்டோம். "கோச்சிங் போக வசதியில்லாத பிள்ளைங்களுக்கு இதுதாண்டா நியாயம்" என்று குரல் செய்தி போட்ட மதுரைக்கார அண்ணன், டிசம்பரில் அதே குழுவில் எழுதினார்: "நம்ம பசங்க உழைப்புக்கு இதுதான் பரிசா? கஷ்டப்பட்டுப் படிக்கிறவனுக்குத் தண்டனையா?"

அவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல மனுஷர். யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் காரை எடுப்பவர். ஊரில் பிள்ளை அரசுப் பள்ளி வாசலில் நின்றது, இங்கே பிள்ளை கோச்சிங் வகுப்பு வாசலில் நிற்கிறது. நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். அதை ஒருவர்கூட அந்தக் குழுவில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதுதான் உறுத்தல்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். நான் திண்டுக்கல் பக்கம் ஒரு அரசுப் பெண்கள் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 1998இல் அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங்குக்கு அப்பாவோடு போனேன். பொறியியலுக்கு அப்போது தமிழ்நாட்டிலும் நுழைவுத் தேர்வு இருந்தது. மதுரையில் அதற்கென்றே வகுப்புகள் நடந்தன. எனக்கு அந்த விஷயம் பரீட்சை எழுதப் போன அன்றைக்குத்தான் தெரியும். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண், நுழைவுத் தேர்வில் சுமார். மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கான 20 சதவீதத்தில் எனக்கு ஓர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதல் செமஸ்டரில் ஆங்கிலப் பாடப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். மூன்றாவது செமஸ்டரில் கோச்சிங் போய் வந்தவர்களுக்கும் எனக்கும் மதிப்பெண்ணில் வித்தியாசம் இல்லை. 2006இல் அந்த நுழைவுத் தேர்வையே எடுக்கத் தமிழ்நாடு சட்டம் போட்டபோது நான் அமெரிக்காவுக்கு வந்துவிட்டேன். செய்தி கேட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். "இனிமே உன் மாதிரிப் பிள்ளைகளுக்குத் தொல்லையில்லம்மா" என்றார்.

ஆகவே ஒரு மூன்று மணி நேரத் தேர்வு ஒரு பிள்ளையின் தகுதியைக் கடைசி வரை அளந்துவிடும் என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது. தேர்வில் நான் வாங்கிய எண்ணில், மதுரையில் வகுப்பு இருப்பது தெரியாமல் போனதும் சேர்ந்தே இருந்தது.

இப்போது ஃபேர்ஃபாக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் டிஜே தேர்வோடு நின்றுவிடுகிறார்கள். பிரச்சினை அதற்கு ஆறு வருஷம் முன்னாலேயே ஆரம்பிக்கிறது. ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இங்கே பிள்ளைகளுக்குத் திறனறித் தேர்வு வைப்பார்கள். அதில் நல்ல எண் வந்தால் மூன்றாம் வகுப்பிலிருந்து ஏஏபி என்ற மேம்பட்ட வகுப்பு. எண் வராவிட்டால் பெற்றோரே விண்ணப்பிக்கலாம். அதுவும் தள்ளுபடியானால், உளவியலாளரிடம் பணம் கட்டி ஐக்யூ சோதனை எடுத்து அந்தச் சான்றிதழோடு மேல்முறையீடு செய்யலாம். இதற்கெல்லாம் கடைசித் தேதி உண்டு, படிவம் உண்டு. எங்கள் குழுவில் அந்தத் தேதிகளை ஒருவர் மாற்றி ஒருவர் ஞாபகப்படுத்துவோம். ஏழு வயதுப் பிள்ளைக்கு வடிவப் புதிர்ப் புத்தகம் வாங்கிக் கொடுத்து ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அந்த ஏஏபி பிள்ளைகள் நடுநிலைப் பள்ளியில் முன்கூட்டியே அல்ஜீப்ரா எடுக்கிறார்கள், எட்டாவதில் ஜியோமெட்ரி முடிக்கிறார்கள். டிஜேவுக்குப் பல காலமாகக் கூட்டம் கூட்டமாகப் பிள்ளைகளை அனுப்பியவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில நடுநிலைப் பள்ளிகள்தான். மற்ற பள்ளிகளிலிருந்து பல வருஷம் ஒருவரும் இல்லை, அல்லது ஒருவர் இருவர். அன்னண்டேலிலும் ரூட் 1 சாலையோரத்திலும் எல் சால்வடாரிலிருந்தும் எத்தியோப்பியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் அடுக்ககங்களில் இருக்கின்றன. அந்தத் தாய்மாரிடம் இரண்டாம் வகுப்புத் தேர்வைப் பற்றி யார் சொல்வார்கள்? அவர்கள் இருக்கும் வாட்ஸாப் குழுவில் வேறு தேதிகள், வேறு படிவங்கள்.

கறுப்பினப் பிள்ளைகளின் கதைக்கு இன்னும் பழைய வேர் உண்டு. வர்ஜீனியா பள்ளிகளை ஒன்றாக்க மறுத்து ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டிய மாநிலம். பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டியில் வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்பினப் பிள்ளைகளை உட்கார வைப்பதைவிட மூடிவிடலாம் என்று 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே மூடி வைத்தார்கள். ஃபேர்ஃபாக்ஸில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு உயர்நிலைப் பள்ளி வந்ததே 1954இல்தான். லூதர் ஜாக்ஸன் என்ற வரலாற்றாசிரியரின் பெயரை வைத்தார்கள். அதற்கு முன்னால் மேல்படிப்பு வேண்டும் என்றால் மனாசஸுக்கோ வாஷிங்டனுக்கோ போய்வர வேண்டும். அந்த லூதர் ஜாக்ஸன் இப்போது நடுநிலைப் பள்ளி. நான் வேலைக்குப் போகும்போது சில நாள் அந்த வழியாகப் போவேன். அங்கே முதல் வருஷம் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் இன்னும் உயிரோடு இருப்பார்கள், என் அப்பாவைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

நாம் இந்த நாட்டுக்குள் வந்த கதவை யார் திறந்தார்கள் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆசியர்களை விரல்விட்டு எண்ணும்படி மட்டும் உள்ளே விட்ட நாடு இது. 1965 குடியேற்றச் சட்டம்தான் அதை மாற்றியது. கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டு நடத்திய குடிமை உரிமைப் போராட்டத்தின் காலம் அது, அந்தக் காற்று இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. அதன் பிறகும் வந்தவர்கள் யார்? பட்டம் இருந்தால்தான் எச்1பி வேலை விசா. எங்கள் குழுவில் பட்டதாரி இல்லாத வீடு ஒன்றுகூட இல்லை. ஊரிலிருந்து சலித்து எடுத்து அனுப்பிய கூட்டம் நாங்கள். எங்கள் பிள்ளைகள் கணக்கில் கெட்டிக்காரர்களாக இருப்பதற்கு எங்கள் உழைப்பு ஒரு காரணம். விசா அதிகாரி வைத்த சல்லடை இன்னொரு காரணம்.

புதிய முறையில் வந்த முதல் பட்டியல்தான் நான் ஆரம்பத்தில் சொன்ன 2021 ஜூன் ரிசல்ட். 3,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள், முந்தைய ஆண்டைவிட அதிகம். ஆசியப் பிள்ளைகளின் பங்கு 73இலிருந்து 54 சதவீதமாகக் குறைந்தது. கறுப்பினப் பிள்ளைகள் 7 சதவீதம், லத்தீனோ பிள்ளைகள் 11. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் 25 சதவீதம்! ஒன்றுக்கும் கீழே இருந்தது கால்வாசியானது. நான் மறக்காத எண் இன்னொன்று இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு டிஜேயில் இடம் கிடைத்த ஏழை ஆசியப் பிள்ளை ஒரே ஒருவர். புதிய முறையில் 51 பேர். எங்கள் குழுவில் இந்த எண்ணை யாரும் பகிரவில்லை. அந்த 51 பேரின் பெற்றோரும் ஆசியர்கள்தான், ஆனால் எங்கள் குழுவில் இல்லாதவர்கள்.

வழக்கு போட்டார்கள். 'கோவலிஷன் ஃபார் டிஜே' என்று பெற்றோர் சேர்ந்து தொடங்கிய அமைப்பு, பெரும்பாலும் ஆசியக் குடும்பங்கள். 2022 பிப்ரவரியில் மாவட்ட நீதிபதி கிளாட் ஹில்டன் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னார்: இனச் சமநிலை உண்டாக்கவே வாரியம் இதைச் செய்தது, ஆசியப் பிள்ளைகளுக்கு இது பாதகம், அரசியல் சட்டத்துக்கு விரோதம். 2023 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதைத் திருப்பியது. விண்ணப்பித்தவர்களில் ஆசியர் பாதிக்குக் கொஞ்சம் கீழே, இடம் பெற்றவர்களில் பாதிக்கு மேலே, இதில் பாதகம் எங்கே என்று கேட்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழக வழக்கில் இனத்தைப் பார்த்துச் சேர்க்கக் கூடாது என்று சொன்ன அதே உச்ச நீதிமன்றம், 2024 பிப்ரவரியில் டிஜே வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்துவிட்டது. நீதிபதி அலிட்டோ மட்டும் எதிர்த்து எழுதினார், நீதிபதி தாமஸ் அதில் சேர்ந்துகொண்டார். அதோடும் முடியவில்லை. 2025 மே மாதம் மத்திய கல்வித்துறை இதே சேர்க்கை முறையின்மேல் விசாரணை தொடங்கியது.

எதிர்ப்பக்கத்தின் வாதத்தில் எனக்கு இன்றும் பதில் சொல்ல முடியாத ஒரு பகுதி உண்டு. வாரிய உறுப்பினர்கள் சிலர் தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட குறுஞ்செய்திகள் வழக்கில் வெளியே வந்தன. இந்தப் பேச்சில் ஆசியர்மேல் ஒரு கசப்பு ஓடுகிறது என்று அவர்களே ஒருவருக்கொருவர் எழுதியிருக்கிறார்கள். வாரியக் கூட்டங்களில் எங்கள் பிள்ளைகளைப் பற்றி, பெற்றோர் முடுக்கிவிட்ட இயந்திரங்கள் போலப் பேசியதையும் என் காதாலேயே கேட்டேன். வயிறு எரிந்தது. நியாயமான ஒரு மாற்றத்தைக் கொண்டுவர எட்டாவது படிக்கும் பிள்ளையை இழிவாகப் பேச வேண்டிய அவசியம் என்ன? அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் போய், "இதுதாம்ப்பா சமூக நீதி" என்று சொன்னால் அவன் அந்தச் சொல்லையே வெறுப்பான்.

ஆசியப் பிள்ளைகளை ஒதுக்கிவிடுவார்கள் என்ற எங்கள் அச்சம் வெறுங்கற்பனையும் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் லோவல் என்றொரு அரசுப் பள்ளி, டிஜே போலவே பேர் பெற்றது. 1983இல் ஒரு நீதிமன்ற உடன்பாட்டின்படி எந்த ஓர் இனமும் அங்கே 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளுக்கு நியாயம் கேட்டு வந்த வழக்கில் பிறந்த உடன்பாடு அது. நடைமுறையில் என்ன ஆனது தெரியுமா? சீனப் பிள்ளைகளுக்கு மட்டும் மற்றவர்களைவிட உயர்ந்த கட்-ஆஃப், வெள்ளைப் பிள்ளைகளைவிடவும் உயர்ந்தது. சைனாடவுனில் தையல் வேலை பார்க்கும் தாயின் பிள்ளைக்கு ஒரு கோடு, மலைமேல் பெரிய வீட்டில் இருக்கும் பிள்ளைக்கு அதைவிடத் தாழ்ந்த கோடு. 1994இல் சீனக் குடும்பங்கள் வழக்குப் போட்டு, 1999இல் அந்த முறை ஒழிந்தது. அந்த வழக்கில் நான் அந்தக் குடும்பங்களின் பக்கம்தான். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கோடு போடுவதும், பிள்ளை படிக்கும் பள்ளியைப் பார்த்து இடம் ஒதுக்குவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

நியூயார்க் இன்னும் சிக்கலானது. என் சித்தப்பா மகன் குவீன்ஸில் இருக்கிறான். அவனிடம் டிஜே பற்றி நான் பேசியபோது, "அக்கா, அங்க உங்க கதை வேற, இங்க கதை வேற" என்றான். அவன் சொன்னது சரிதான். அங்கே ஸ்டைவசன்ட், பிராங்ஸ் சயின்ஸ், புரூக்ளின் டெக் என்ற மூன்று பெரிய பள்ளிகளுக்கும் ஒரே ஒரு தேர்வின் எண்ணை மட்டும் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும் என்று 1971இல் மாநிலச் சட்டமே போட்டுவிட்டார்கள். 2019இல் ஸ்டைவசன்டில் 895 இடங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது ஏழு. நகரத்து அரசுப் பள்ளிகளில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் மூன்றில் இரண்டு பங்கு. மேயர் டி பிளாசியோ 2018இல் தேர்வை எடுத்துவிட்டு ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியிலும் முதல் 7 சதவீதம் பிள்ளைகளுக்கு இடம் தரலாம் என்றார். ஆல்பனியில், மாநிலச் சட்டமன்றத்தில், அந்த மசோதா நிறைவேறவில்லை.

தெருவில் இறங்கி எதிர்த்தவர்கள் யார் என்று பாருங்கள். புரூக்ளினின் சன்செட் பார்க்கில் உணவகச் சமையலறையில் நிற்கும் சீனத் தகப்பன்மார், குவீன்ஸின் ஜமைக்கா பகுதியில் டாக்ஸி ஓட்டும் வங்கதேசத் தகப்பன்மார். ஸ்டைவசன்ட் பிள்ளைகளில் பாதியை ஒட்டி இலவச உணவுக்குத் தகுதியுள்ள வீடுகளிலிருந்து வருபவர்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு அந்த ஒற்றைத் தேர்வுதான் புரிகிற ஒரே கதவு. பரிந்துரைக் கடிதம், நேர்காணல், நன்கொடை எல்லாம் அவர்களுக்குப் புரியாத பாஷை. என் தம்பி, "எண்ணு மட்டும்தான்க்கா இந்த ஊர்ல எங்க பேரைக் கேக்காம உள்ள விடுது" என்றான். அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை.

ஆனால் அவனிடம் நான் ஒன்று கேட்டேன். 1980களின் தொடக்கத்தில் புரூக்ளின் டெக்கில் பாதிப் பேர் கறுப்பினப் பிள்ளைகள். அதே தேர்வு, அதே சட்டம். பிறகு எங்கே போனார்கள்? கறுப்பின வட்டாரங்களின் நடுநிலைப் பள்ளிகளில் முன்பு இருந்த திறன் வகுப்புகள், கணக்கில் கெட்டியான பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்த வகுப்புகள், ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மறுபக்கம் தேர்வுக்கான தனி வகுப்புகள் பெருகின. பள்ளிக்கூடம் சும்மா சொல்லிக்கொடுத்ததை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. கடைசியில் இருக்கும் தேர்வு மாறவில்லை, அதற்கு முன்னால் இருந்த படிகள் பெயர்ந்துபோயின. என் தம்பி ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் படியைக் கட்டச் சொல்லுங்க, கதவை ஏன் இடிக்கிறாங்க?" என்றான்.

நியாயமான கேள்வி. நியூயார்க்கில் தேர்வு வேண்டாம் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அங்கே அதை எடுத்தால் ஏழையிடமிருந்து எடுத்து ஏழையிடம் கொடுப்பதாகவே முடியும். ஃபேர்ஃபாக்ஸில் நிலைமை அதுவல்ல. நாட்டின் பணக்காரக் கவுண்டிகளில் ஒன்று இது. டிஜே தேர்வால் உள்ளே போனவர்களில் ஏழை நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை என்ற நிலையில், படியைக் கட்டுகிற வரைக்கும் கதவைக் கொஞ்சம் அகலமாக்கு என்று வாரியம் சொன்னது. பள்ளிக்கு 1.5 சதவீதம் என்பது எனக்கு நியாயமாகப் படுவதற்குக் காரணம், அந்த இரண்டாம் வகுப்பு வரை திரும்பிப் பார்த்த ஒரே ஏற்பாடு அதுதான். எந்தப் பள்ளியில் உன்னை உட்கார வைத்தோமோ, அந்தப் பள்ளியில் நீ எப்படிப் படித்தாய் என்று கேட்கிறது.

என் தோழியிடம் ஒருநாள் இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டியதாயிற்று. கோபித்துக்கொண்டாள். "உன் பொண்ணு அப்ளை பண்ணலை, அதனால நீ சொல்லுவ" என்றாள். உண்மை, என் மகளுக்கு ஓவியத்தில்தான் மனசு. பக்கத்துப் பள்ளியே போதும் என்றாள். தோழி பிறகு கொஞ்சம் ஆறி, "பதினோரு லட்சம் பேர் இருக்கிற கவுண்டியில இப்படி ஒரே ஒரு ஸ்கூல் ஏன்டி? இன்னொண்ணு கட்டினா என்ன?" என்றாள். இதைத்தான் எல்லாரும் சேர்ந்து கேட்டிருக்க வேண்டும். 550 இடத்தை எப்படிப் பங்கு போடுவது என்று வழக்கறிஞர்களுக்குச் செலவழித்த வருஷங்களில், இன்னொரு கட்டடம் கேட்டு ஒரே வரிசையில் நாங்களும் லத்தீனோ தாய்மாரும் நின்றிருக்கலாம். எங்கள் கையில் பணம் இருந்தது, நேரம் இருந்தது, வாரியக் கூட்டத்தில் எழுந்து ஆங்கிலத்தில் பேசவும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் பக்கத்து நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு வீட்டுப்பாடத்துக்கு உதவப் போகிறேன், மூன்று வருஷமாக. அங்கே போன செப்டம்பரில் ஒரு பையன் வந்தான். எட்டாம் வகுப்பு. அம்மா அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை, ராத்திரி ஷிஃப்ட் முடிந்து அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். பின்னக் கணக்கைக் கொடுத்தால் தாள் எடுக்காமல் மனசுக்குள்ளேயே போட்டுவிட்டு, "இதையே வேற மாதிரியும் போடலாமே" என்று எனக்குக் காட்டுவான். டிஜேவைப் பற்றிச் சொன்னேன். கண் விரிந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து விண்ணப்பப் பக்கத்தைத் திறந்தோம். கட்டணம் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் சராசரி அவனுக்கு 3.8.

எட்டாவதில் அல்ஜீப்ரா எடுத்திருக்க வேண்டும் என்ற வரியில் விரல் நின்றது. அவன் சாதாரணக் கணக்கு வகுப்பில் இருந்தான். ஆறாவது முடியும்போது எந்தக் கணக்கு வேண்டும் என்று ஒரு படிவம் வீட்டுக்குப் போயிருக்கிறது. அம்மா ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்து, ஏற்கெனவே குறி போட்டிருந்த கட்டத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"இப்ப மாத்திக்க முடியாதா, மிஸ்?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை அவன் பள்ளிக்குப் போன் போட்டேன். பாதி வருஷம் ஓடிவிட்டால் கஷ்டம், இப்போதும் வகுப்பில் இடமில்லை என்றார்கள். இந்த வசந்தத்தில் அந்தப் படிவம் மறுபடி ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் பைகளில் போகும். நூலகத்துக்கு வரும் பிள்ளைகளில் ஆறாவது படிப்பவர்கள் பதினோரு பேர். அவர்கள் அம்மாக்களின் எண்களை வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பையனே ஸ்பானிஷில் ஒரு குரல் செய்தி பேசித் தந்திருக்கிறான்: படிவம் வந்தால் உடனே கையெழுத்துப் போட வேண்டாம், சனிக்கிழமை கொண்டு வாருங்கள்.